கொப்பரையின் முன் ஒரு முதியவர்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாம் ஆண்டு விழாவில் பேச வேண்டும் என்று நண்பர்கள் கேட்டபோது, பாரதியாரின் புதுவை வாழ்வைப் பற்றியோ பாவேந்தரைப் பற்றியோ நான் பேசுவேன் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்கலாம். அவற்றைப் பேச என்னினும் தகுதி வாய்ந்தவர்கள் இந்த அவையில் இருக்கின்றனர். நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரு சித்திரக்கதை. அதிலும் கதைத் தலைவனைப் பற்றியன்று. ஓரத்தில் நிற்கும் ஒரு கிழவரைப் பற்றி. கவிஞர் அவையில் சிறுவர் படக்கதையா என்று முகம் சுளிப்பவர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். நம் கவிதைகள் முதியவர்களை எவ்வாறு நடத்தி வருகின்றன என்ற கேள்விக்கு அந்தக் கிழவர் வழியாகத்தான் வந்து சேர்ந்தேன்.

எழுபதுகளின் இறுதியில் நான் சிறுவன். எங்கள் கடற்கரையில் ஒரு பெரியவர் இருந்தார். அவரை ஊரார் ‘சொல்தா தாத்தா’ என்பார்கள். பிரெஞ்சுப் படையில் பணியாற்றித் திரும்பியவர்களைப் புதுவையில் சொல்தா என்று அழைப்பது வழக்கம். இந்தோசீனப் போரைக் கண்டவர். பிரெஞ்சு அரசின் ஓய்வூதியம் பெற்றவர். பிரான்சிலிருந்த உறவினர் ஒருவர் அவருக்கு ஒரு படக்கதைப் புத்தகம் அனுப்பியிருந்தார். 1975இல் வெளிவந்த அஸ்தெரிக்ஸ் வரிசைப் புத்தகம் அது. ‘பெருங்கடற் பயணம்’ என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். மாலை வேளைகளில் வலை உலர்த்தும் மணலில் எங்களை உட்கார வைத்து, படத்தைக் காட்டி, பிரெஞ்சை எங்கள் ஊர்த் தமிழில் சொல்லிக்கொண்டே போவார்.

அஸ்தெரிக்ஸ் கதைகளை அறியாதவர்களுக்காகச் சிறிது சொல்கிறேன். எழுதியவர் ரெனே கொசினி (1926–1977). வரைந்தவர் அல்பேர் உதெர்சோ (1927–2020). 1959 அக்டோபர் 29ஆம் நாள் ‘பிலோத்’ என்னும் வார இதழின் முதல் இதழில் இக்கதை தொடங்கியது. காலம் கி.மு. 50. கால் நாடு முழுவதையும் சீசரின் ரோமானியப் படை வென்றுவிட்டது. ஆர்மோரிக்காக் கடற்கரையில் ஒரே ஒரு சிற்றூர் மட்டும் அடிபணிய மறுக்கிறது. அதைச் சுற்றி நான்கு ரோமானியப் பாசறைகள். அவ்வூரின் முதிய குருவாகிய பனோரமிக்ஸ், பொன் அரிவாளால் புல்லுருவி அறுத்து வந்து ஒரு மருந்து காய்ச்சுகிறார். அதை ஓர் அகப்பை குடித்தவருக்குச் சிறிது நேரம் மனித ஆற்றலை மிஞ்சிய வலிமை உண்டாகிறது. கதை இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு அரை நூற்றாண்டுக்கு மேல் உலகைச் சிரிக்க வைத்திருக்கிறார்கள்.

எங்களுக்கு இந்தக் கதை அந்நியமாகவே தோன்றவில்லை. புதுவை நகரிலிருந்து வடக்கே வருபவர் கோட்டக்குப்பத்தில் தமிழ்நாட்டு எல்லைக்குள் புகுந்து, பிள்ளைச்சாவடி, காலாப்பட்டுப் பக்கம் மீண்டும் புதுவை எல்லைக்குள் வந்து, கனகசெட்டிக்குளத்தில் அந்த எல்லையும் முடியக் காண்பார். மூன்று புறம் வேற்று எல்லை, ஒரு புறம் கடல். 1954க்கு முன் இந்த எல்லைகளில் சுங்கச் சாவடிகள் இருந்த கதையைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆகவே படத்தில் அந்த ஊரைப் பார்த்ததும், “தாத்தா, இது நம்ம ஊருதான்” என்று ஒரு பையன் கூவியது இன்றும் என் காதில் ஒலிக்கிறது.

‘பெருங்கடற் பயணம்’ மீனில் தொடங்குகிறது. மருந்துக்குப் புதிய மீன் வேண்டும். ஊரில் மீன் வணிகர் இருக்கிறார். ஆனால் அவரிடம் இருப்பது நாறிய மீன். ஏனெனில் அவர் மீனை எதிரே இருக்கும் கடலிலிருந்து எடுப்பதில்லை. தொலைவிலுள்ள லுதேசிலிருந்து, அதாவது பண்டைய பாரிசிலிருந்து, மாட்டு வண்டியில் தருவிக்கிறார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். “கடக்கரையில இருக்குற ஊருக்கு பாரிசுலேருந்தா தாத்தா மீன் வரும்?” என்று கேட்டேன். “அதாண்டா கதை” என்றார். பின்னர் அஸ்தெரிக்சும் ஒபெலிக்சும் சிறு படகில் மீன்பிடிக்கப் போய், புயலில் சிக்கி, அமெரிக்கக் கரையில் ஒதுங்குவார்கள். அந்த இடம் வந்தபோது நாங்கள் சிரிக்கவில்லை. கடலுக்குப் போனவர் திரும்பத் தாமதமானால் வீடு எப்படி இருக்கும் என்பது எங்களுக்குத் தெரியும்.

சொல்தா தாத்தாவுக்குப் பிடித்தவர் வேறொருவர். ஆஜ்கனோனிக்ஸ் என்பது அவர் பெயர். ஆங்கிலத்தில் ஜெரியாட்ரிக்ஸ் என்று மாற்றியிருக்கிறார்கள். மதிக்கத்தக்க முதிர்ந்த அகவை என்னும் பிரெஞ்சு வழக்கிலிருந்து அந்தப் பெயர் பிறந்தது. ஊரிலேயே மூத்தவர். 1968இல் நூலாக வந்த ஒலிம்பிக் விளையாட்டுக் கதையில் அவர் வயது 93 என்று வருகிறது. வளைந்த முதுகு, வெண்தாடி, கையில் தடி. முன்னாள் போர்வீரர், ஜெர்கோவியா, அலேசியா போர்களின் நினைவு அவருக்குள் இன்னும் ஓயவில்லை. யாரேனும் “வயதாகிவிட்டது” என்று சொன்னால் தடியை ஓங்கிக்கொண்டு வருவார். இளம் மனைவியை எவரும் ஏறிட்டுப் பார்க்கக் கூடாது. வெளியூரார் மேல் நம்பிக்கை இல்லை. ரோமானியர் தாக்க வரும்போது கொப்பரையின் முன் ஊரார் வரிசையில் நிற்பார்கள். குரு ஒவ்வொருவருக்கும் ஓர் அகப்பை ஊற்றுவார். அந்த வரிசையில் இந்தக் கிழவருக்கும் இடம் உண்டு. “நீங்கள் வேண்டாம், ஓரமாக உட்காருங்கள்” என்று குரு சொல்வதில்லை. குடித்தபின் அவரும் இளைஞரைப் போலவே ரோமானியரைத் தூக்கி எறிவார்.

அந்தப் பக்கம் வந்தால் சொல்தா தாத்தா நிறுத்திவிடுவார். விரலால் அந்தக் கிழவரைத் தொட்டுக் காட்டிச் சிரிப்பார். ஏன் சிரிக்கிறார் என்பது அன்று எனக்குப் புரியவில்லை.

பெருமக்களே, படக்கதைகளில் முதியவர்களுக்கு என்ன இடம் தரப்பட்டிருக்கிறது என்று பிற்காலத்தில் தேடிப் பார்த்தேன். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியபோது, நம் சிறுவர்களை ஆட்கொண்டவர் இரும்புக்கை மாயாவி. மின்சாரம் பாய்ந்தால் அவர் உடல் மறையும். இரும்புக் கை மட்டும் தெரியும். அவரும் அவரைப் போன்ற பிற நாயகர்களும் முதுமையடையாதவர்கள். இந்தியப் படக்கதையில் புகழ்பெற்ற முதியவர் என்றால், 1971இல் ‘லோட்போட்’ என்னும் இந்தி இதழில் பிரான் (1938–2014) படைத்த சாச்சா சௌத்ரிதான். சிவப்புத் தலைப்பாகை, பெரிய மீசை, கைத்தடி. அவருடைய மூளை கணிப்பொறியைவிட வேகமானது என்பது புகழ்பெற்ற வாசகம். ஆனால் வலிமை அவரிடம் இல்லை. அதற்கென்று வியாழன் கோளிலிருந்து சாபு என்னும் அரக்க உருவினன் வந்து அவருடன் தங்குகிறான். அறிவு முதியவருக்கு, உடல் இளையவனுக்கு என்று பிரான் பங்கு பிரித்துவிட்டார்.

இந்தப் பங்கீட்டை அவர் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. கிட்கிந்தா காண்டத்தின் முடிவில் கடலைத் தாண்டுவது யார் என்ற கேள்வி எழும்போது, முதிய சாம்பவான் தம்மால் இனி இயலாது என்று கூறி, அனுமனுக்கு அவனுடைய ஆற்றலை நினைவூட்டுகிறார். தாண்டுவது அனுமன். அதியமான் நெடுமான் அஞ்சி அரிதாகக் கிடைத்த நெல்லிக்கனியைத் தானே உண்ணாமல் ஔவைக்குத் தந்தான். வாழ்நாளை நீட்டிக்கும் அந்தக் கனிதான் நம் மரபில் மருந்துக் கொப்பரைக்கு மிக அண்மையில் நிற்பது. அதை உண்ட ஔவையைப் பிற்காலக் கதைகள் மூதாட்டியாகவே நமக்குக் காட்டின. அந்த மூதாட்டிக்கு அவை அளித்தது சொல்லின் ஆற்றல். சடாயு ஒருவர்தான் விதிவிலக்கு. முதுமையிலும் இராவணனை எதிர்த்துப் போர் செய்தார், ஆனால் வீழ்ந்தார். நம் மரபு அவருக்கு வெற்றியைத் தரவில்லை, பெருமையைத் தந்தது.

புறநானூற்றின் 243ஆம் பாடலை இந்த அவையில் பலர் மனப்பாடமாகவே அறிவீர்கள். தடியூன்றி, பேச்சிடையே இருமி, நடுங்கி நிற்கும் முதியவர் ஒருவர் தம் இளமையை எண்ணுகிறார். மருத மரக் கிளையேறிக் கரையிலுள்ளோர் வியக்க நீரில் பாய்ந்து, ஆழத்து மணலை அள்ளி வந்து காட்டிய நாள் அவருக்கு நினைவு வருகிறது. பாடிய புலவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. பாடலில் வரும் தடியே அவர் பெயராகிவிட்டது: தொடித்தலை விழுத்தண்டினார். இரங்கத்தக்க முதுமையை இதனினும் நன்றாகப் பாடிவிட இயலாது. ஆயினும் அந்தக் கிழவர் மீண்டும் ஒருமுறை நீரில் பாய்ந்தால் என்ன என்று நாம் கேட்டதில்லை.

பத்தாண்டுகளாக நம் கூட்டங்களில் படிக்கப்பட்ட கவிதைகளை எண்ணிப் பாருங்கள். முதியோரைப் பற்றி எழுதாதவர் நம்மில் அரிது. திண்ணையில் தனித்திருக்கும் பாட்டி, வெளிநாட்டு மகனின் கடிதத்துக்குக் காத்திருக்கும் தந்தை, முதியோர் இல்லத்தின் சன்னல். நானும் எழுதியிருக்கிறேன், கைதட்டலும் பெற்றிருக்கிறேன். அந்தக் கவிதைகளில் முதியவர் ஒன்று அறிவுரை கூறுவார், அல்லது கண்ணீர் விடுவார். அவருக்குக் கோபம் வருமா, பொறாமை உண்டா, ஓடவேண்டும் என்று தோன்றுமா என்று நாம் விசாரிக்கவில்லை. இரக்கம் காட்டியதால் நம் கடமை முடிந்தது என்று எண்ணிவிட்டோம்.

இந்தக் கேள்வியை நேருக்கு நேர் எடுத்துக்கொண்ட படக்கதை ஒன்று அண்மைக் காலத்தில் சப்பானில் வந்தது. ஹிரோயா ஓக்கு 2014 முதல் 2017 வரை வரைந்து, பத்துத் தொகுதிகளாக வெளிவந்த ‘இனுயாஷிகி’. அதன் நாயகருக்கு வயது 58தான். ஆனால் தோற்றத்தில் முதுகிழவர். மனைவியும் மக்களும் அவரைப் பொருட்படுத்துவதில்லை. வயிற்றில் புற்றுநோய், சில மாதங்களே வாழ்வு என்று மருத்துவர் கூறுகிறார். அதை வீட்டில் சொல்லக்கூட அவருக்கு வாய்ப்பில்லை. துணை ஒரு நாய் மட்டும். ஓர் இரவு பூங்காவில் விண்ணிலிருந்து வந்த விபத்தில் அவர் உடல் அழிந்து, வேற்றுக் கோளத்தாரால் இயந்திர உடலாகத் திருப்பி அமைக்கப்படுகிறது. அளவற்ற வலிமை வந்துவிடுகிறது. அதே இடத்தில் நின்ற பள்ளி மாணவன் ஒருவனுக்கும் அதே வலிமை வருகிறது. மாணவன் அதைக் கொண்டு முன்பின் அறியாத குடும்பங்களைக் கொல்கிறான். முதியவர் மருத்துவமனைகளுக்குச் சென்று, கைவிடப்பட்ட நோயாளிகளைக் குணமாக்குகிறார். பிறர் உயிரைக் காக்கும் பொழுதில்தான் தாம் இன்னும் மனிதராக இருப்பதாக அவர் உணர்கிறார்.

ஒரே வலிமை இருவரிடம் இருவேறாக வெளிப்படுகிறது. வலிமை ஒருவரைப் புதிதாக ஆக்குவதில்லை. முன்பே உள்ளே இருந்ததைப் பிறர் காணச் செய்கிறது. இனுயாஷிகியின் அன்பு முன்பே இருந்தது. அவர் வீட்டார் அதைக் காணவில்லை. ஆஜ்கனோனிக்சிடமும் இதுவேதான். மருந்து குடித்தபின் அவர் சான்றோர் ஆகிவிடுவதில்லை. அதே முன்கோபம், அதே பொறாமை. கொசினி அவரைப் பார்த்துச் சிரிக்கிறார்; ஆனால் ஊர்த் தலைவரையும், பாடகரையும், கொல்லரையும் பார்த்து எப்படிச் சிரிக்கிறாரோ அப்படியே சிரிக்கிறார். வயதுக்காகத் தனிச் சலுகை தரவில்லை. அந்தச் சமத்துவம் எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

ஒரு மறுப்பை நானே எழுப்பிக்கொள்கிறேன். முதியவருக்கு இளமை வலிமை வேண்டும் என்று விரும்புவது முதுமையை ஏற்க மறுப்பதாகாதா? யயாதியின் கதை நமக்குத் தெரியும். மகன் புருவின் இளமையை வாங்கிக்கொண்டு தன் முதுமையை அவனுக்குத் தந்தவன் அவன். அந்த ஆசை எவ்வளவு கொடிது என்பதை மகாபாரதம் காட்டிவிட்டது. மெய்தான். ஆனால் கொப்பரை மருந்து யாரிடமிருந்தும் எதையும் பறிப்பதில்லை. அதன் ஆற்றல் சிறிது நேரமே நிற்கும். சண்டை முடிந்தால் கிழவர் மீண்டும் 93 வயதினர்; மீண்டும் தடி. இளமையைத் திருப்பிக் கேட்கவில்லை அவர். ஊருக்கு ஒரு வேலை வந்தால் தம் கையும் அதில் இருக்க வேண்டும் என்பதே அவர் கேட்பது.

இதை எனக்குக் கற்பித்தது புத்தகமன்று; ஒரு தவறு. என்னுடைய தவறு.

எனக்குப் பதினெட்டு வயது இருக்கும். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தோம். கரைவலையின் வழக்கம் இங்குள்ளோர் அறிவீர்கள். வலையைப் படகில் கொண்டுபோய் அரைவட்டமாக விட்டுவிட்டு, இரு முனைக் கயிற்றையும் கரையிலிருந்து ஊரார் இழுக்க வேண்டும். கயிற்றைப் பிடித்தவருக்குப் பங்கு உண்டு, முதியவராயினும் உண்டு. அன்று சொல்தா தாத்தா வழக்கம்போல் வந்து கயிற்றில் கை வைத்தார். அலை கடுமையாக இருந்தது. எனக்கு முன்னால் அவர் கால் தடுமாறியது. “நீ தள்ளிக்க தாத்தா, வுழுந்து கிழுந்து தொலையப் போற. உன் பங்கு வூட்டுக்கு வரும்” என்றேன். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் ஒன்றும் பேசாமல் கயிற்றை விட்டுவிட்டு மேட்டில் போய் நின்றார்.

பங்கு மீனை நானே எடுத்துக்கொண்டு போனேன். வாங்கிக்கொள்ளவில்லை. “இழுக்காத கைக்கு எதுக்குடா பங்கு?” என்று மட்டும் சொன்னார். அதன்பின் அவர் கயிற்றுப் பக்கம் வரவே இல்லை. நான் அன்போடுதான் சொன்னேன் என்று நெடுநாள் என்னையே தேற்றிக்கொண்டேன். அன்பில்லை என்று இன்றும் சொல்லமாட்டேன். ஆனால் அந்த வரிசையிலிருந்து ஒருவரை வெளியேற்றியவன் நான். கொப்பரை முன் நின்ற கிழவரைத் தொட்டுக் காட்டி அவர் ஏன் சிரித்தார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அஸ்தெரிக்ஸ் வரிசையில் 1966இல் நூலாக வந்த ‘தலைவர்களின் போர்’ என்றொரு கதை உண்டு. ஒபெலிக்ஸ் எறிந்த பெருங்கல் தவறிப்போய்க் குருவின் மேல் விழ, அவருக்கு நினைவு தப்பிவிடுகிறது. மருந்தின் செய்முறை அவர் ஒருவருக்குத்தான் தெரியும். எழுதி வைக்கவில்லை. ஊரின் வலிமை முழுவதும் ஒரு முதியவரின் நினைவில் இருந்தது என்பதை ஊரார் அன்றுதான் உணர்கிறார்கள். எதைக் கலந்து காய்ச்சுவது என்று தெரியாமல் தவிக்கிறார்கள். சிரிப்புக் கதைதான். ஆயினும் மூத்தோரின் நினைவு தப்பும் வீடுகளில் இருந்தவர்களுக்கு அந்தச் சிரிப்புக்குள் இருக்கும் அச்சம் புரியும்.

சொல்தா தாத்தாவுக்கும் கடைசி ஆண்டுகளில் நினைவு தவறியது. பெயர்கள் போயின, என் பெயரும் போயிற்று. சில வேளைகளில் பிரெஞ்சில் கட்டளை பிறப்பிப்பார். வீட்டில் ஒருவருக்கும் விளங்காது. ஒரு நாள் மாலை மாத்திரை கொடுக்கப் போனேன். கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “சிங்கி இறா போட்டாச்சா?” என்று கேட்டார். மகள் மிரண்டு போனார். எனக்குத் தெரியும். பனோரமிக்சின் மருந்தில் சிங்கி இறால் கட்டாயமில்லை, சுவைக்காகச் சேர்ப்பது. சிறுவர்களாக நாங்கள் அதைக் கேட்டுவிட்டு, எங்கள் கடலில்தான் சிங்கி இறால் இருக்கிறதே, நாமே காய்ச்சலாமே என்று அவரை நச்சரித்திருக்கிறோம். “போட்டாச்சு தாத்தா” என்றேன். குடித்தார். கையை மடக்கிப் புயத்தைக் காட்டினார்.

அதன்பின் அதிக நாள் இருக்கவில்லை.

அவர் மறைந்தபோது அவரோடு என்னென்ன போயின என்று இப்போது கணக்கிடுகிறேன். கரைவலைக் கயிற்றின் தாளத்துக்குப் பாடும் அம்பாப் பாட்டுகள் பல அவருக்குத் தெரியும். நீர்நிறம் பார்த்து மீன் சொல்வார். தொலைதூரப் போர்க்களத்தில் தமிழ் பேசிய இரவுகளைப் பற்றிச் சொல்வார். எதையும் நாங்கள் எழுதி வைக்கவில்லை. அவருக்காக இரங்கல் கவிதை மட்டும் எழுதினேன். அதில் அவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கயிற்றில் கை வைத்தவரைத் திண்ணையில் உட்கார வைத்தது என் கவிதை. இந்த மலரில் அதைச் சேர்க்க நண்பர்கள் கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நான் சொல்ல வந்ததைத் தொகுத்துக் கூறி அமைகிறேன். முதியோரைப் பாடும்போது இரக்கத்தைக் கைவிட வேண்டும் என்று நான் கூறவில்லை. அதனோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம் என்கிறேன். அவர்களுடைய கோபத்தையும் வீம்பையும் உடலின் ஆசையையும் நம் கவிதைக்குள் விடுவோம். அவர்களைப் பார்த்துச் சிரிப்பதாயின், நம்மைப் பார்த்துச் சிரிப்பது போலவே சிரிப்போம்.

வட்டத்துக்கு இரண்டு வேண்டுகோள்கள். ஒன்று: நம் மாதக் கூட்டங்களில் மூத்த உறுப்பினர்களை வாழ்த்துரைக்கும் நன்றியுரைக்கும் மட்டும் அழைக்கிறோம். அடுத்த ஆண்டு முதல் அவர்கள் புதிய கவிதை படிக்க வேண்டும். இளையவர்கள் அதைத் தயங்காமல் விமர்சிக்க வேண்டும். இரண்டு: கனகசெட்டிக்குளம் முதல் மூர்த்திக்குப்பம் வரையுள்ள நம் கடற்கரை ஊர்களில், கயிறு இழுத்துப் பாடிய மூத்தோர் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் உட்கார்ந்து பாட்டுகளை எழுதிக்கொள்வோம். எழுதும்போது கயிற்றை அவர்கள் கையிலேயே கொடுத்துப் பாடச் சொல்வோம். உட்கார்ந்துகொண்டு பாடினால் அந்தப் பாட்டுகள் முழுமையாக வராது என்று தாத்தா சொல்வார்.